குவாண்டம் சாவிக்கும் சேதாரம் உண்டு

கோலாலம்பூரில் மின்னணுவியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டது இது: “அண்ணே, குவாண்டம் சாவிப் பகிர்வை யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது, இயற்பியல் விதியே அதற்குக் காவல் என்று விரிவுரையில் சொல்கிறார்கள். அதே வாரம் படித்த கட்டுரையில் அதை முழுசாக உடைத்துவிட்டதாக இருக்கிறது. எது பொய்? லேசரும் டிடெக்டரும் ஒழுங்காக இல்லாவிட்டால் அந்த நிரூபணத்துக்கு என்னதான் மதிப்பு?”

இரண்டும் உண்மைதான் தங்கச்சி. (புதிதாகப் படிப்பவர்களுக்கு: ரகசியச் செய்தியைப் பூட்டும் சாவியை, பிட் பிட்டாக ஒளியில் ஏற்றி இரண்டு இடத்துக்கும் பகிர்வதுதான் குவாண்டம் சாவிப் பகிர்வு.) விரிவுரையில் கேட்டது ஒரு நிரூபணத்தைப் பற்றி, கட்டுரையில் உடைந்தது ஒரு பெட்டி, அதாவது அந்தச் சாவியைப் பகிரும் கருவி. நிரூபணம் தொடங்கும்போதே பெட்டியிடம் சில வாக்குகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. “உன் லேசர் இப்படித்தான் நடந்துகொள்ளும், ஒளி பட்டால் உன் டிடெக்டர் இப்படித்தான் ‘க்ளிக்’ என்று சத்தம் கொடுக்கும்.” பெட்டி வாக்குத் தவறினால் நிரூபணம் அந்தப் பெட்டியைக் காப்பாற்ற வராது. நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் லேசர், ஐசொலேட்டர் மாதிரி ஒளியிழைச் சாமான்களைச் சோதிக்கும் வேலையில் இருபது வருடமாக இருப்பவன். கோட்பாடு எழுதுகிற ஆள் கிடையாது. அதனால் பெட்டிப் பக்கம் நின்றே பதில் சொல்கிறேன்.

இந்தத் துறை பிறந்ததே வாக்குத் தவறிய பெட்டியோடுதான். சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராஸாரும் குவாண்டம் சாவிப் பகிர்வுக்கான பிபி84 முறையை 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த மாநாட்டில் வைத்தார்கள். 1989-இல் அதை முதன்முதலில் செய்து பார்த்தபோது ஒளி கடந்த தூரம் சுமார் 30 சென்டிமீட்டர், காற்றில். ஒளியின் துருவமுனைப்பை, அதாவது ஒளியலை அதிரும் திசையை, திருப்ப உயர் மின்னழுத்தம் தேவைப்பட்டது. அந்த மின்வழங்கி ஒவ்வொரு நிலைக்கும் வேறு வேறு சத்தம் போட்டது. பக்கத்தில் நின்றால் எந்த பிட் போகிறது என்று காதால் சொல்லிவிடலாம். காது கேட்காத ஒற்றரிடமிருந்து மட்டும் முழுப் பாதுகாப்பு என்று பிராஸாரே பிறகு கேலி செய்திருக்கிறார். அதற்குப் பின் வந்த ஊடுருவல்கள் எல்லாம் அந்தச் சத்தத்தின் உறவுக்காரர்கள்தான்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸில் அமுதா, தைப்பிங்கில் பாலன், நடுவில் நிபோங் திபால் பக்கம் ஒரு மேன்ஹோலுக்குள் ஒட்டுக்கேட்கும் ஈஸ்வரி. (ஈஸ்வரி என்று பெயருள்ளவர்கள் மன்னிக்க வேண்டும், ஒற்றருக்குப் பாடப்புத்தகம் வைத்த ‘ஈவ்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் வேறு பெயர் கிடைக்கவில்லை.) அமுதா ஒவ்வொரு பிட்டையும் ஒரே ஒரு ஃபோட்டானில் (ஒளித்துகளில்) ஏற்றி அனுப்புகிறார், துருவமுனைப்பு நேர் முறையிலோ சாய்வு முறையிலோ இருக்கும், எது என்பது அவருக்கு மட்டும் தெரியும். பாலனும் தன் பங்குக்கு ஏதோ ஒரு முறையில் அளக்கிறார். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு இருவரும் முறைகளை மட்டும் வெளிப்படையாக ஒப்பிட்டு, முறை ஒத்துப்போன பிட்டுகளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஈஸ்வரி வழிமறித்து அளந்து, அளந்ததையே திருப்பி அனுப்பினால் பாதி தடவை முறையைத் தவறாகப் பிடிப்பார். பாலனிடம் 25 சதவீதப் பிழை தெரியும். பிழை விகிதத்தை வைத்தே யாரோ கை வைத்திருக்கிறார்களா, எவ்வளவு தூரம் வைத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போடலாம்.

இந்தக் கணக்கைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நகை செய்யக் கொடுத்தால் பில்லில் சேதாரம் என்று ஒரு வரி வரும். அராவும்போது தங்கம் சிந்தாது என்று ஆசாரி சத்தியம் செய்வதில்லை. அதிகபட்சம் இவ்வளவு போகும் என்று கணக்கில் எழுதிக் கழித்துவிடுகிறார். குவாண்டம் நிரூபணமும் அப்படித்தான். ஒன்றுமே கசியாது என்று அது எங்கும் சொல்லவில்லை. ஈஸ்வரிக்கு அதிகபட்சம் எவ்வளவு தெரிந்திருக்கலாம் என்று மதிப்பிட்டு, சாவியை அந்த அளவுக்குச் சுருக்கி, அவருக்குத் தெரிந்ததைப் பயனில்லாமல் ஆக்குகிறது. ஷோர், பிரெஸ்கில் இருவரும் 2000-இல் எழுதிய நிரூபணத்தில் சேதார விகிதம் தெளிவாக இருக்கிறது. முறை ஒத்துப்போன 1,000 பிட்டில் பிழை 3 சதவீதம் என்றால் சுமார் 611 பிட் கையில் நிற்கும். 5 சதவீதம் என்றால் 427. 8 சதவீதத்தில் 196. 11 சதவீதத்தைத் தொட்டால் எல்லாமே சேதாரம், கடையை மூட வேண்டியதுதான்.

எனவே பிழை இருப்பதில் பிரச்சினை இல்லை, அது கழிக்கப்படும். தராசே கோணலாக இருந்து, கோணல் யாருக்கும் தெரியாமல் போனால்தான் வினை.

முதல் கோணல் அமுதாவின் லேசரில். ஒரே ஒரு ஃபோட்டான் என்று சொன்னேன். கடையில் வாங்கும் லேசர் அப்படித் தராது. லேசர் துடிப்பை அட்டெனுவேட்டரால் மங்கடித்து, சராசரி 0.1 ஃபோட்டான் என்று வைத்தால், 10,000 துடிப்பில் 9,048 காலியாகப் போகும், 905-இல் ஒரு ஃபோட்டான் இருக்கும், 47-இல் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். 47 தானே என்று விடலாமா? தைப்பிங் வரை சுற்றி வளைத்து 100 கிலோமீட்டர் ஒளியிழை என்று வைத்துக்கொள்வோம். 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் இழப்பு, மொத்தம் 20 டெசிபல், நூற்றில் ஒரு ஃபோட்டான்தான் போய்ச் சேரும். பாலன் வாசலில் 10,000 துடிப்புக்கு சுமார் 10 ஃபோட்டானை எதிர்பார்க்கிறார். ஈஸ்வரி என்ன செய்வார்? ஒற்றை ஃபோட்டான் துடிப்புகளை எல்லாம் அடைத்துவிடுவார். இரட்டையாக வந்த 47-இல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றதை இழப்பில்லாத வழியில் 10 தடவை அனுப்பினால் போதும். பாலனுக்கு எண்ணிக்கை சரி, பிழை பூஜ்யம். முறைகளை அமுதா வெளிப்படையாகச் சொன்னதும் ஈஸ்வரி தன்னிடம் உள்ளதை அளந்து முழுச் சாவியையும் எடுத்துக்கொள்வார். இதை ஃபோட்டான் பிரிப்புத் தாக்குதல் என்கிறோம். பிராஸார், லுட்கென்ஹாஸ், மோர், சாண்டர்ஸ் 2000-இல் இதை விரிவாக எழுதிக் காட்டினார்கள்.

நீ கேட்ட மதிப்பு எங்கே இருக்கிறது என்றால் இதற்கு வந்த பதிலில். 2004-இல் காட்ஸ்மன், லோ, லுட்கென்ஹாஸ், பிரெஸ்கில் நால்வரும் குறையுள்ள கருவிகளுக்கென்றே நிரூபணத்தைத் திருத்தி எழுதினார்கள். இரட்டை ஃபோட்டானில் வந்த பிட்டுகளை ஈஸ்வரியின் முத்திரை குத்தியவை என்று வைத்துக்கொள், அவை அனைத்தும் அவருக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள், வந்த பிழை முழுக்க மிச்சமுள்ள நல்ல பிட்டுகளில்தான் விழுந்தது என்றும் வைத்துக்கொள், அப்புறம் கழி. வாய்ப்பு எதுவாக இருந்தாலும் ஈஸ்வரிக்கே சாதகமாக எழுதும் கணக்கு. சேதாரம் தாராளம், ஆனால் நேர்மையானது.

அதில் வந்த தொல்லை, தூரம் கூடினால் கிட்டத்தட்ட எல்லா பிட்டிலும் முத்திரை இருப்பதாகக் கருத வேண்டி வந்தது. சாவி சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அங்கேதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த தந்திரம் வருகிறது. 2003-இல் ஹ்வாங் யோசனை சொன்னார். 2005-இல் லோ, மா, சென் மூவரும், தனியாக வாங் என்பவரும் அதை முழுக் கணக்காக்கினார்கள். அமுதா துடிப்புகளின் பிரகாசத்தைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி மாற்றி அனுப்புகிறார்: ஒன்று 0.5, ஒன்று 0.1, சில சுத்தமாகக் காலி. ஈஸ்வரி கையில் இரண்டு ஃபோட்டான் சிக்கினால், அது எந்தப் பிரகாசத்திலிருந்து வந்தது என்று அவரால் சொல்ல முடியாது, ஏனெனில் இரண்டு ஃபோட்டான் என்றால் எங்கிருந்து வந்தாலும் இரண்டு ஃபோட்டான்தான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்தியாக வேண்டும். பிறகு பாலன், ஒவ்வொரு பிரகாசத்துக்கும் எத்தனை வந்தது என்று பிரித்துப் பார்த்தால், ஒற்றை ஃபோட்டான்கள் ஒழுங்காக வந்தனவா, அடைபட்டனவா என்று தெரிந்துவிடும். பொய்த்துடிப்பு முறை என்று சொல்லலாம். புதுச் சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம், அதே மலிவான லேசர் போதும். இன்று விற்கும் பெட்டிகளில் பலவற்றின் உயிர் இதில்தான் இருக்கிறது.

இதற்கும் ஒரு வாக்கு உண்டு: பிரகாசத்தைத் தவிர வேறு எதிலும் துடிப்புகள் வேறுபடக் கூடாது. சோதனை மேசையில் இருப்பவனுக்கு இந்த வரியைப் படித்தால் சிரிப்பு வரும். லேசரை வேகமாக அணைத்து ஏற்றினால் ஒரு துடிப்பின் அளவு அதற்கு முந்தைய துடிப்பைப் பொறுத்து லேசாக மாறும். நான்கு நிலைக்கு நான்கு தனி லேசர் வைத்தால் நான்கின் நிறமாலையும் நூல் பிடித்த மாதிரி ஒத்துப்போகாது. துடிப்புக்குத் துடிப்பு ஒளியின் கட்டம் தாறுமாறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன 9,048, 905, 47 என்ற பங்கீடே செல்லாது. ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. வித்தியாசத்தை அள, எண்ணாக எழுது, சேதாரத்தில் சேர். அமுதா தயாரிக்கும் நிலைகள் கோணம் தவறினாலும் சாவி பெரிதாகக் குறையாத ஒரு கணக்கை தமாக்கியும் கூட்டாளிகளும் 2014-இல் கொடுத்தார்கள்.

டிடெக்டர்தான் உண்மையான ஓட்டை. பாலனிடம் இரண்டு டிடெக்டர் உண்டு, ஒன்று 0-க்கு, ஒன்று 1-க்கு. டிடெக்டர் எப்போதும் விழித்திருக்காது, ஃபோட்டான் வரும் நேரத்துக்கு மட்டும் கண் திறக்கும், அதைக் கேட் என்போம். கேட் திறக்கும் நேரம் இரண்டுக்கும் இம்மி பிசகினாலும், ஈஸ்வரி ஃபோட்டானைச் சற்று முந்தியோ பிந்தியோ வரவைத்து, ஒன்று மட்டும் விழித்திருக்கும் நேரத்தில் விழச் செய்யலாம். சத்தம் வந்தால் பிட் என்னவென்று தெரியும். எதையும் அளக்கவே வேண்டாம். இந்த நேரம் நகர்த்தும் தாக்குதலை 2008-இல் வணிகப் பெட்டி ஒன்றின் மீதே செய்து காட்டினார்கள்.

அதைவிடப் பயங்கரம் 2010-இல் லிடர்சன், மகரோவ் குழு வெளியிட்டது. ஒற்றை ஃபோட்டானைப் பிடிக்கும் அவலாஞ்ச் டயோடு, உடையும் மின்னழுத்தத்துக்கு மேலே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். கத்தி முனையில் நிற்கிற மாதிரி, ஒரு ஃபோட்டான் தொட்டாலும் சரிந்து சத்தம் போடும். அதன் மேல் தொடர்ச்சியாக வெளிச்சத்தை அடித்தால் மின்னோட்டம் ஓடி, மின்னழுத்தம் கீழே இறங்கி, அது சாதாரண ஒளி மீட்டராகிவிடும். கண் கூசிப்போன ஆள் மாதிரி, ஃபோட்டான் இனித் தெரியாது, ஓர் அளவுக்கு மேல் பலமான துடிப்பு வந்தால் மட்டும் சத்தம். ஈஸ்வரி இப்போது அமுதாவின் ஃபோட்டானைத் தானே அளந்து, கிடைத்த விடையை அந்த அளவுக்குச் சற்று மேலான துடிப்பாகப் பாலனுக்கு அனுப்புகிறார். பாலன் அதே முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் முழு வெளிச்சமும் ஒரு டிடெக்டருக்குப் போய்ச் சத்தம் வரும். வேறு முறை என்றால் வெளிச்சம் இரண்டாகப் பிரியும், பாதிப் பாதி, அளவுக்குக் கீழே, சத்தமே வராது. அந்த 25 சதவீதப் பிழை எங்கிருந்து வரும்? வராது. ஈஸ்வரி கேட்ட சத்தத்தை மட்டும் பாலன் கேட்கிறார். அப்போது சந்தையில் இருந்த இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளில் இதைக் காட்டினார்கள். 2011-இல் பக்கத்து சிங்கப்பூரில், தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 290 மீட்டர் ஒளியிழையில், முழுச் சாவியையும் எடுத்தே காட்டிவிட்டார்கள். நீ படித்தது இந்த வகைக் கட்டுரையாகத்தான் இருக்கும்.

ஒரு ஒட்டு போடலாம். டயோடில் ஓடும் மின்னோட்டத்தைக் கண்காணித்தால் கண்கூச வைக்கும் வெளிச்சம் பிடிபடும். ஆனால் ஒட்டுக்கு நிரூபணம் இல்லை. அடுத்தவன் வேறு வழியில் கூசவைப்பான், நாம் இன்னொரு ஒட்டு போடுவோம், பழைய மென்பொருள் கதைதான். 2012-இல் லோ, கர்ட்டி, சி மூவரும், அதே நேரத்தில் பிரான்ஸ்டீன், பிராந்தோலா இருவரும் கொடுத்த வழி வேறு ரகம். டிடெக்டரை நம்ப முடியவில்லையா, அதை ஈஸ்வரியிடமே கொடுத்துவிடு! அமுதாவும் பாலனும் இருவருமே அனுப்புநர்கள். நடுவில் ஈஸ்வரி தரகர். இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் ஃபோட்டான்களை ஒன்றாக மோதவிட்டு, இரண்டும் ஒத்தவையா மாறானவையா என்று மட்டும் அறிவிப்பார். ஒவ்வொன்றும் என்ன என்பது அவருக்கே தெரியாது. பொய் சொன்னால் பிழை விகிதத்தில் தெரிந்துவிடும். டிடெக்டர் ஓட்டை அத்தனையும் ஒரே அடியில் செத்தது. இதுவரை வந்த, இனி வரப்போகிற எல்லாமும்.

விலை என்ன? தனித்தனி ஊரில் இருக்கும் இரண்டு லேசரின் ஃபோட்டான்களும் தரகர் இடத்தில் அடையாளம் பிரிக்க முடியாதபடி சந்திக்க வேண்டும்: அலைநீளம், நேரம், துருவமுனைப்பு மூன்றும். நம் ஊரில் ஒளியிழை தந்திக் கம்பத்தில் தொங்கும் இடங்களைப் பார்த்திருப்பாய். நண்பகல் வெயில், நாலு மணிக்கு ஒரு மழை, காற்றில் ஊஞ்சலாட்டம். ஒவ்வொன்றும் துருவமுனைப்பைத் திருகும், நீளத்தைக் கொஞ்சம் மாற்றும். திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். செய்ய முடியாதது கிடையாது, காசு ஆகும்.

தரகர் முறையிலும் அமுதாவின் பெட்டியை நம்பித்தான் ஆக வேண்டும். இது என் வேலை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஈஸ்வரி ஒளியிழை வழியாக வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, பிட்டை ஒளியில் ஏற்றும் மாடுலேட்டரில் பட்டுத் திரும்பும் மிச்சத்தை வைத்து அமுதா என்ன நிலை வைத்தார் என்று பார்க்கலாம். இதற்கு ட்ரோஜன் குதிரைத் தாக்குதல் என்று பெயர். தடுக்க எவ்வளவு தடை வேண்டும்? 1550 நானோமீட்டரில் 1 வாட் என்றால் நொடிக்கு சுமார் 78,000 கோடி கோடி ஃபோட்டான். அமுதா நொடிக்கு 100 கோடி துடிப்பு அனுப்பினால், ஒரு துடிப்பு நேரத்துக்கு 780 கோடி ஃபோட்டான் உள்ளே வருகிறது. திரும்பிப் போவது பத்து லட்சம் துடிப்புக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைய வேண்டுமானால் போய்வரும் வழியில் மொத்தம் 160 டெசிபல் தடை தேவை. அட்டெனுவேட்டர் போகும்போதும் வரும்போதும் இரண்டு தடவை உழைக்கும், 30 டெசிபல் அட்டெனுவேட்டர் 60 தரும். மிச்சம் 100-ஐ ஐசொலேட்டர்கள் தர வேண்டும், அவை வெளியே போகும் ஒளியைக் கிட்டத்தட்ட சும்மா விட்டு, உள்ளே வருவதை மட்டும் மறிக்கும். ஒரு வாட் என்று நான் வைத்தது சும்மா ஒரு பேச்சுக்கு. மேல் வரம்பை ஒளியிழையே தருகிறது, அளவு மீறி அடித்தால் மையம் உருகிக் கருகிவிடும்.

காகிதத்தில் இது சுத்தமாக இருக்கிறது. எங்கள் மேசையில் என்ன நடந்தது தெரியுமா? பல வருடத்துக்கு முன், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஐசொலேட்டர் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. க்யூசி தாளில் எல்லாம் பாஸ். சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கவே பயம். மறுபடி அளந்தோம், மறுபடி பாஸ். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒருவர், “இது போய் உட்காருவது வெயிலில் காயும் கேபினெட்டில் தானே” என்றார். ஓவனில் வைத்துச் சூடேற்றினோம். பவர் மீட்டரில் பின்பக்கக் கசிவு கண்ணெதிரே ஏறியது. ஐசொலேட்டருக்குள் ஒளியை 45 பாகை திருப்பும் படிகம் இருக்கிறது. சூட்டில் அந்தப் பாகை மாறும், மாறினால் கதவு சரியாக மூடாது. நாங்கள் அளந்தது ஏர்கான் அறையில், 23 டிகிரியில். ஸ்பெக்கில் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அலைநீளமும் அப்படித்தான். 1550-க்குச் செய்த ஐசொலேட்டர் வேறு அலைநீளத்தில் என்ன செய்யும் என்று டேட்டா ஷீட்டில் இருக்காது. 2017-இல் ஒரு குழு 1924 நானோமீட்டர் வெளிச்சத்தில் ட்ரோஜன் குதிரையை ஆராய்ந்ததற்குக் காரணமே அந்த நீளத்தில் டிடெக்டருக்குக் கண் தெரியாது என்பதுதான். இப்போது நல்ல வடிவமைப்பாளர்கள் வாசலில் அலைநீள வடிகட்டி வைக்கிறார்கள். அதற்கும் வெளியே ஒரு ஐசொலேட்டரைப் பலிகடாவாக நிறுத்துகிறார்கள், பலமான லேசரால் அடித்தால் அது கெடட்டும், உள்ளே இருப்பவை தப்பட்டும் என்று. பலிகடா ஐசொலேட்டரின் தடையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கருவியையே நம்பத் தேவையில்லாத முறையும் உண்டு. 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு மீட்டர் தூரத்தில் சிக்க வைத்த அயனிகளை வைத்து சுமார் 8 மணி நேரத்தில் 95 ஆயிரம் பிட்டுக்கு மேல் எடுத்தார்கள். அழகு. பினாங்குப் பாலத்தைக் கடக்க இன்னும் காலம் ஆகும். சோதனை செய்வதற்கான விதிகள் ஐஎஸ்ஓ 23837 என்று 2023-இல் இரண்டு பாகமாக வந்துவிட்டன. என்னைக் கேட்டால், கணித முறையில் குவாண்டம் கணினியைத் தாங்கும் தரங்கள் அமெரிக்காவில் 2024-இல் வந்த பிறகு, சாதாரண நிறுவனம் இந்தப் பெட்டியை வாங்க அவசரப்படத் தேவையில்லை. மிக நீண்ட காலம் மறைக்க வேண்டிய ரகசியமும், சொந்த ஒளியிழையும் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

கடைசியாக, இறுதியாண்டுத் திட்டத்துக்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தாய். முழுப் பெட்டி கட்டாதே, ஓர் ஆண்டு போதாது. உங்கள் ஆய்வகத்தில் கேட் வைத்த டிடெக்டர் இரண்டு இருந்தால், மங்கடித்த லேசர் துடிப்பை 10 பிகோநொடி அடியாக நகர்த்தி, ஒவ்வொரு அடியிலும் இரண்டும் எத்தனை தடவை சத்தம் போடுகின்றன என்று எண்ணு. ஒரே தாளில் இரண்டு வளைவையும் வரை. ஓரங்களில் ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்கும். மிக மோசமான இடத்தில் விகிதம் எவ்வளவு என்று குறித்துக்கொள். பிறகு அறையின் ஏர்கானை அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அதே அளவை மறுபடி எடு.